ஹாஃப்கினும் ஓர் இடுக்கியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் கதை, மெஸ் சாம்பார் கதையெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள், நான் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்றேன். யார், காமராஜரா, கலாமா என்று கேட்டார்கள். ஹாஃப்கின் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவரை எனக்கு அறிமுகம் செய்தது என் பாட்டிதான். பாட்டிக்கு அந்தப் பெயரே தெரியாது என்பது வேறு விஷயம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் பிறந்து வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் சேரும்போதெல்லாம் காலரா ஊசி போடுவார்களாம். ஊசிக்காரர் தெருமுனையில் வந்துவிட்டார் என்றால் பாட்டி பரண் மேல் ஏறி ஒளிந்துகொள்வாராம். ஊசி போட்டால் கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல் அடிக்குமாம். இதையெல்லாம் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். பாட்டி ஏன் அங்கே படுத்திருந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். பக்கத்தில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்த நான், அந்த ஊசியை நம் நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தது. இன்று உக்ரைனில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். ஆசிரியர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ். படிப்பில் கெட்டி. ஆனால் யூதராக இருக்கும்வரை பல்கலைக்கழகத்தில் மேலே வர முடியாது, மதம் மாறினால் வழி உண்டு என்ற நிலைமை. அவர் மாறவில்லை. 1888-ல் ஊரை விட்டு ஜெனீவாவுக்குப் போனார். அடுத்த ஆண்டு பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? நூலகத்தில் உதவியாளர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி. கல்லூரி முடித்ததும் நினைத்த வேலை கிடைக்கவில்லையே என்று வருந்தும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அந்த மிச்ச நேரத்தில் காலராவுக்கு ஒரு தடுப்பூசி செய்தார். 1892 ஜூலை 18-ஆம் தேதி அதைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்து போயிற்று. அடுத்த ஆண்டு இந்தியா வந்து, வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றி, கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளிலும் அலைந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் 40,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். அவர் டாக்டர் அல்ல, விலங்கியல்காரர். வெள்ளைக்கார மருத்துவ அதிகாரிகள் பலருக்கு இது கண்ணை உறுத்தியது.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அரசாங்கம் அவரை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கொடுத்த சின்ன இடத்தில் இரவு பகலாக வேலை செய்து, மூன்றே மாதத்தில் பிளேக் ஊசியைச் செய்துவிட்டார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி, வழக்கம்போல் முதல் ஊசி தனக்கு. பிறகு பைகுல்லா சிறையில் தாமாக முன்வந்த கைதிகளுக்கு. பலன் தெரிந்ததும் நாடெங்கும் கேட்டார்கள். பரேலில் பெரிய ஆய்வுக்கூடமே அமைந்தது.

இதுவரை சொன்னது ஒரு வெற்றிக் கதை. நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமம். அன்று 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர்களில் 19 பேருக்கு டெட்டனஸ் என்னும் ரணஜன்னி கண்டது. 19 பேரும் இறந்துபோனார்கள். எல்லோருக்கும் ஊசி மருந்து ஒரே குப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. குப்பியின் எண் 53 என். மற்றக் குப்பிகளிலிருந்து போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

19 வீடுகளில் சாவு. யாராவது பதில் சொல்லியாக வேண்டும். விசாரணைக் குழு அமைத்தார்கள். கிருமி ஆய்வுக்கூடத்திலேயே குப்பிக்குள் புகுந்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. மருந்து நிறையத் தேவைப்பட்டதால் ஹாஃப்கின் தயாரிப்பு முறையில் ஒரு மாற்றம் செய்திருந்தார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டுச் சூடாக்குவதை மட்டும் நம்பினார். அதையே பெரிய குற்றமாகப் பிடித்துக்கொண்டார்கள். பதவி போயிற்று. சம்பளம் இல்லாத விடுப்பில் அவர் லண்டனுக்குப் போனார்.

ஆனால் விசாரணைச் சாட்சியத்திலேயே இன்னொரு செய்தி இருந்தது. மல்கோவாலில் அந்தக் குப்பியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்யாமல், கார்பாலிக் கரைசலில் ஒரு முறை அலசிவிட்டு அதாலேயே தக்கையை எடுத்திருக்கிறார். டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. சாதாரண அலசலுக்கு அது சாகாது. இந்தச் சின்ன விஷயத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை அப்போது யாரும் கொடுக்கவில்லை.

கொசுவால் மலேரியா பரவுவதைச் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ் அவருக்காக வாதாடினார். 1907-ல் ராஸும் மற்ற கிருமியியல் நிபுணர்களும் டைம்ஸ் பத்திரிகைக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டே பழி நீங்கியது. ஐந்து வருஷம் போய்விட்டது. அதற்குள் மக்கள் ஊசி என்றாலே பயந்தார்கள். பெரிய அளவில் தொடங்கிய ஊசித் திட்டமும் தடைப்பட்டது. 1907-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பிளேக்குக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் பலியானார்கள்.

ஹாஃப்கின் இந்தியா திரும்பினார். பம்பாயில் அவர் இடம் நிரம்பிவிட்டிருந்தது. கல்கத்தாவில் ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய வேகம் இல்லை. ஓய்வு பெற்று ஐரோப்பா போய், 1930 அக்டோபர் 26-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் லொசான் நகரில் காலமானார். அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1925-ல், பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது.

இப்போது பாட்டி கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பாட்டியைக் கால் புண்ணுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு பலத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட், இன்னொன்று ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் தனித்தனி. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பாட்டிக்கு 12 யூனிட் போட வேண்டும். நர்ஸ் சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை சரியாகத்தான் எடுத்தார். ஆனால் எடுத்தது 100 யூனிட் குப்பியிலிருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், உள்ளே போனது 30 யூனிட். விடியற்காலையில் பாட்டி நினைவில்லாமல் கிடந்தார். குளுக்கோஸ் ஏற்றி எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள்.

நான் போட்ட சத்தத்தில் அந்த மாடியே கூடிவிட்டது. யார் போட்ட ஊசி, அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பினால்தான் ஆச்சு என்று கத்தினேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பெண். அன்று இரவு அந்த வார்டு முழுக்க அவர் ஒருவர்தான். மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். பில் கட்டிவிட்டு வரும்போது நர்ஸ்கள் அறையில் ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. ஒரே தட்டில் இரண்டு பலக் குப்பிகளும் தோளோடு தோள் நின்றன. கீழே ஒரே டப்பாவில் சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் கலந்து கிடந்தன. போனது அந்தப் பெண் மட்டும்தான். மற்றதெல்லாம் அப்படியே அடுத்த பாட்டிக்காகக் காத்திருந்தது.

நான் வேலை பார்ப்பது தரக்கட்டுப்பாட்டில். ஒரு வெல்டிங் சோதனையில் தோற்றால், வெல்டரை விரட்டிவிட்டு ஃபைலை மூட எங்களை விடமாட்டார்கள். ராடை அடுப்பில் சரியாகக் காயவைத்தார்களா, வரைபடம் பழையதா, எத்தனை மணி நேரமாக அவர் நின்று வேலை செய்தார், எல்லாம் கேட்டாக வேண்டும். இரும்புக்குக் காட்டும் இந்த நியாயத்தை மனுஷிக்கு நான் காட்டவில்லை.

மல்கோவால் கதையிலும் இதுதான் எனக்குப் பட்டது. முதலில் ஹாஃப்கின் மேல் பழி. அவர் தப்பியதும் பழி இடுக்கியை நழுவவிட்டவர் பக்கம் போயிற்று. இடுக்கி யார் கையிலிருந்தும் விழும். விழுந்த ஓர் இடுக்கி 19 உயிரை எடுக்க எப்படி முடிந்தது என்பதுதான் கேள்வி. பலருக்கு ஒரே குப்பி. உள்ளே புகுந்த கிருமியை அடக்கக் குப்பியில் மருந்தில்லை. ஆகவே அமிலத்தை விட்டது சரியா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் ஆளைத் தண்டிக்கும் அவசரத்தில் அது பாடமாகவில்லை. 1928-ல் ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் என்ற ஊரில், கிருமித்தடுப்பு மருந்து சேர்க்காத ஒரு பொதுக் குப்பியிலிருந்து டிப்தீரியா ஊசி போட்டு 12 குழந்தைகள் இறந்தன. அங்கே விசாரணைக் குழு குப்பியைப் பற்றிக் கேட்டது. பலருக்குப் பயன்படும் குப்பியில் அப்படி ஒரு மருந்து இருந்தாக வேண்டும் என்று சொன்னது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் யாருக்காவது கோளாறு என்றால், தடுப்பூசியின் இயல்பா, தயாரிப்புக் குறையா, போட்ட முறையில் பிழையா, பயத்தால் வந்ததா, தற்செயலா என்று ஐந்து விதமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. நம் நாட்டில் மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்ட 2010-ல் ஒரு திட்டம் வந்தது. நோயாளியே அதற்குத் தகவல் தரலாம். 2019 முதல் செப்டம்பர் 17 நோயாளி பாதுகாப்பு நாள். ஆனால் நடந்ததை ஒருவர் பயமில்லாமல் சொன்னால்தான் இதெல்லாம் பலிக்கும். சொன்னால் வேலை போகும் என்றால் யார் சொல்வார்?

நம் சங்கத்தில் டாக்டர்களின் அண்ணன் தம்பிகள் இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்கு நன்கொடை தருபவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் கொடுக்கும்போது, தப்பு நடந்தால் இங்கே எப்படி விசாரிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவத் தம்பிகளே, லேபில் ஏதாவது உடைந்தால் யார் என்று கேட்கும் முன் எப்படி என்று கேட்டுப் பழகுங்கள்.

பாட்டி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தார். வீட்டுக்கு வந்த அன்றே, அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கிடைத்திருக்குமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் பாட்டி என்றேன். விசாரித்தேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போனால், ஸ்ரீரங்கத்துப் பேரன் ஒருவன் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளட்டும்.