சூ பெர்ரி என்னும் இசைவாணர்

ஆலமரத்தின் நிழலில் முளைத்த கன்று எத்துணைச் செழிப்புடையதாயினும் வழிப்போக்கர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. பெருங்கலைஞர் ஒருவரின் காலத்திலேயே தாமும் வாழ நேர்ந்த கலைஞரது நிலையும் இத்தகையதே. அமெரிக்க ஜாஸ் சங்கீதத்தில் அவ்வாறு மறைவுற்றவர் லியோன் பெர்ரி. 'சூ' என்னும் செல்லப் பெயராலேயே அவர் வழங்கப்பெற்றார். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சூ பெர்ரி 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியா மாகாணத்து வீலிங் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். அம்மாகாணத்தில் கறுப்பின மாணவர்க்கென அமைந்த கல்லூரியிற் பயின்றார். முதலில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்து வந்தவர், கோல்மன் ஹாக்கின்ஸ் என்பாரின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்து, கனத்த நாதமுடைய டெனர் சாக்ஸபோனைத் தமக்குரிய வாத்தியமாகக் கொண்டார். யாம் மேலே குறித்த ஆலமரம் இந்த ஹாக்கின்ஸே.

1930-ஆம் ஆண்டளவில் பெர்ரி நியூயார்க் சேர்ந்தார். பென்னி கார்ட்டர், டெடி ஹில் முதலியோர் குழுக்களில் வாசித்தபின், பிளெச்சர் ஹெண்டர்சனின் புகழ்பெற்ற குழுவில் இடம்பெற்றார். முன்னர் ஹாக்கின்ஸ் பல்லாண்டு வாசித்த குழு அது. 1936-இல் அக்குழு பதிவு செய்த 'கிறிஸ்டோபர் கொலம்பஸ்' என்னும் உருப்படி பெர்ரி இயற்றியதே. மறு ஆண்டு பென்னி குட்மன் குழுவினர் தம் பெயர்பெற்ற நெடும் இசைத்தட்டொன்றில் அம்மெட்டை எடுத்தாண்டனர். மெட்டு நிலைத்தது, ஆக்கியோன் பெயரோ பின்தங்கியது.

1937-இல் காப் காலவே குழுவிற் சேர்ந்தார். அங்கே பாடகரே முதன்மையானவர். இசைத்தட்டோ ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். அதனுள் வாத்தியக்காரர்க்குக் கிடைப்பன சில நொடிகளே. 1938 நவம்பரில் எக்காளக் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜுடன் 'பாடி அண்டு ஸோல்' என்னும் பாட்டைப் பெர்ரி வாசித்துப் பதிவு செய்தார். ஐரோப்பாவினின்று மீண்ட ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் அதே பாட்டைப் பதிந்தார். உலகம் கொண்டாடியது பின்னதையே.

எனினும் 1940-இல் காலவே தாம் பாடாது ஒதுங்கி, 'கோஸ்ட் ஆப் எ சான்ஸ்' என்னும் இசைத்தட்டைப் பெர்ரிக்கே உரியதாக்கினார். விரைந்து உருண்டோடும் வாசிப்பிற்குப் பெயர்போன அவர், அங்கே நிதானமாக, மென்மையும் ஆழமும் பொருந்த வாசித்திருத்தலை இன்றும் கேட்கலாம்.

அடுத்த ஆண்டே, ஒஹையோ மாகாணத்திற் கச்சேரிப் பயணத்தினிடையே மோட்டார் விபத்திற் படுகாயமுற்று, 1941 அக்டோபர் 30-ஆம் நாள் கானியட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அப்போது வயது 33. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள் 1948-இல் வந்தன. அவற்றில் மனம்போல வாசிக்க அவர் இருந்திலர். எனினும், பின்னாளில் ஜாஸின் போக்கையே மாற்றிய சார்லி பார்க்கர், தம் முதல் மகனுக்கு லியோன் என்னும் பெயரையும் சேர்த்திட்டார். கற்றோர் அறிந்தே இருந்தனர்.

மாணவ நண்பர்களே! நமக்கும் வாய்க்கும் காலம் சிறிதாயிருக்கலாம். முன்னிற்கும் இடம் பிறர்க்கே உரியதாயிருக்கலாம். கிடைத்த சில நொடிகளையும் குறைவற நிரப்பிச் சென்ற இவ்விசைவாணரை அவ்வமயம் நினைவு கூர்வோமாக.