வியாபாரி கேட்ட நியாயம்

எங்க அப்பா மீன் கூடையை ஏலத்தில் இறக்கினா, வியாபாரி சொல்றதுதான் விலை. அதனால வியாபாரின்னாலே எனக்குப் பிடிக்காது. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

இவர் 1806-ல் சென்னையில் பிறந்தார். அவுரி, துணி வியாபாரத்தில் நிறையப் பணம் சேர்த்தார். 1844-ல் 'கிரசண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை அமைத்தார்.

அந்தக் காலத்தில் வரி கட்ட முடியாத விவசாயிகளை வெயிலில் நிறுத்துவார்கள். கிட்டி போட்டு விரலை நெரிப்பார்கள். கேட்க ஆளில்லை. 1853-ல் இங்கே வந்த இங்கிலாந்து பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை செட்டியார் ஊர் ஊராக அழைத்துப் போய் மக்கள் படும் பாட்டைக் காட்டினார். விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். சித்திரவதை உண்மைதான் என்று 1855-ல் அறிக்கை வந்தது!

1863-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். சேர்த்த பணமெல்லாம் பொதுக் காரியத்துக்கே போய், 1868-ல் ஏழையாகவே இறந்தார்.

நம்ம ஏலத்திலும் எடை போட்டு விலை கேட்கணும்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். நீங்களும் உங்க வீட்டில் சொல்லுங்க.