ஆகாயக் கொள்ளைக்காரன் மெக்காய்

ஒரு பழைய பாராசூட். விமானத்தில் இருந்து குதிப்பவர்களைப் பத்திரமாகத் தரையில் இறக்கும் பெரிய துணிக்குடை. அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கொட்டகையில் அது பல வருஷங்களாக மூட்டையாகக் கிடந்தது. 2024-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தப் பாராசூட் பற்றிய செய்தி வெளியானது. அமெரிக்காவே பரபரப்பு அடைந்தது.

53 ஆண்டுகளாகத் துப்புத் துலங்காத ஒரு விமானக் கொள்ளைக்கு இதோ துப்புக் கிடைத்துவிட்டது என்று பலர் பேசினார்கள். அந்தக் கொட்டகை, ரிச்சர்ட் மெக்காய் என்பவனின் குடும்பத்துக்குச் சொந்தமானது. மெக்காய் 1974-லேயே போலீசாரின் குண்டுக்கு இரையானவன்.

யார் இந்த மெக்காய்? அவன் கதையைச் சொல்லும் முன், அந்தக் கொள்ளையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மாயமாய் மறைந்தவன்

1971-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி. மறுநாள் அமெரிக்கர்களுக்கு நன்றித் திருநாள். நமக்குப் பொங்கல் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அந்த நாள். எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள்.

அன்று மத்தியானம் போர்ட்லண்டு நகர விமான நிலையத்துக்கு ஒருவன் வந்தான். நல்ல கோட்டு, கறுப்பு டை. கையில் ஒரு பெட்டி. தன் பெயர் டான் கூப்பர் என்று சொல்லி, சியாட்டில் நகருக்கு டிக்கெட் வாங்கினான்.

விமானம் கிளம்பியதும், பணிப்பெண்ணிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். தன்னிடம் சிநேகம் பிடிக்கப் பார்க்கிறான் போலும் என்று எண்ணி, அவள் அதைப் படிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டாள். தன் பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாக அவன் மெதுவாகச் சொன்னான். பெட்டியைத் திறந்தும் காட்டினான். அவள் நடுங்கிப் போனாள்.

அவன் கேட்டது 2 லட்சம் டாலர். கூடவே நான்கு பாராசூட். சியாட்டிலில் விமானம் இறங்கியது. பணமும் பாராசூட்டும் வந்து சேர்ந்தன. பயணிகளை அவன் இறக்கிவிட்டான். விமானத்தை மறுபடி கிளப்பச் சொன்னான். தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கவேண்டும் என்று உத்தரவு போட்டான்.

அது போயிங் 727 ரக விமானம். அதன் வாலுக்கு அடியில் ஒரு படிக்கட்டு உண்டு. பறக்கும்போதே அதை இறக்கிவிடலாம். இரவு 8 மணிக்கு மேல், கொட்டும் மழையில், கும்மிருட்டில், சாதாரண உடுப்போடு அந்தப் படிக்கட்டு வழியாக அவன் குதித்துவிட்டான். குதித்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் கழற்றிப் போட்ட டை விமானத்தில் கிடந்தது.

காடு மேடெல்லாம் தேடினார்கள். ஆளும் இல்லை, பிணமும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் அவன் பெயரை டி.பி.கூப்பர் என்று தவறாக எழுதினார்கள். அந்தத் தவறான பெயரே நிலைத்துவிட்டது.

பட்டாளத்து வீரன்

இனி மெக்காய்க்கு வருவோம்.

ரிச்சர்ட் பிளாய்டு மெக்காய் 1942-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி வடகரோலினா மாநிலத்தில் பிறந்தான். கோவ் சிட்டி என்ற சின்ன ஊரில் வளர்ந்தான். 1962-ல் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரோவோ நகரத்துக்குப் போய் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். மார்மன் மதத்தார் நடத்தும் கல்லூரி அது. மெக்காயும் மார்மன்தான். அந்த மதத்தில் மதுவும் கூடாது, புகையும் கூடாது. (இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் தேவைப்படும்.)

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். வியட்நாம் யுத்தத்துக்குப் போனான். வெடிவைத்துத் தகர்ப்பதில் கைதேர்ந்தவன் ஆனான். இரண்டாம் முறை போனபோது ஹெலிகாப்டர் ஓட்டினான். போர்க்காயத்துக்கு ஒரு பதக்கம், ஆகாயத்தில் காட்டிய வீரத்துக்கு ஒரு பதக்கம் என்று மார்பு நிறைய வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான்.

திரும்பி வந்து மறுபடி கல்லூரியில் சேர்ந்தான். என்ன படித்தான் தெரியுமா? போலீஸ் வேலைக்கு உரிய படிப்பு! வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோவிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்தான். யூட்டா மாநிலக் காவற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டினான். பொழுதுபோக்கு, விமானத்தில் இருந்து பாராசூட்டோடு குதிப்பது. அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு அவன் தங்கமான மனிதன்.

5 லட்சம் டாலர்

கூப்பர் குதித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1972-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, டென்வர் நகரில் ஒரு விமானத்தில் ஜேம்ஸ் ஜான்சன் என்ற பெயரில் ஒருவன் ஏறினான். அதுவும் போயிங் 727 ரகம்தான். ஆகாயத்தில் போகும்போது கைக்குண்டையும் கைத்துப்பாக்கியையும் காட்டினான். கைக்குண்டு போலி. காகிதம் பறக்காமல் மேஜைமேல் வைக்கும் பொம்மைக் குண்டு அது. துப்பாக்கியில் தோட்டா இல்லை. பாவம், விமானிக்கு அது எப்படித் தெரியும்?

இவன் கேட்டது 5 லட்சம் டாலர், நான்கு பாராசூட். சான்பிரான்சிஸ்கோ நகரில் பயணிகளை விட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டான். மறுபடி பறந்து, பிரோவோ நகருக்கு மேலே வந்ததும் வால் படிக்கட்டு வழியாகக் குதித்தான். சொந்த ஊர் வாசலிலேயே குதித்த கொள்ளைக்காரன் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்!

அங்கேதான் கோட்டை விட்டான். கையால் எழுதிய கடிதம் ஒன்றை விமானத்தில் விட்டுவிட்டான். புரட்டிப் பார்த்த பத்திரிகையில் கைரேகையைப் பதித்துவிட்டான். அன்று இரவு ஒரு சாப்பாட்டுக் கடை அருகில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் போலீசில் சொன்னார். விமானத்தைக் கடத்துவது எவ்வளவு சுலபம் என்று மெக்காய் முன்பு பெருமையடித்ததைக் கேட்டிருந்த ஒருவரும் சொன்னார். எப்.பி.ஐ. என்னும் மத்திய துப்பறியும் இலாகாவினர், அவனுடைய பட்டாளத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். கையெழுத்தும் ரேகையும் அப்படியே பொருந்தின.

இரண்டே நாளில் பிடித்துவிட்டார்கள். வீட்டில் ஒரு பை நிறையப் பணம். எண்ணினால் 4 லட்சத்து 99 ஆயிரத்து 970 டாலர். அவன் அனுபவித்தது 30 டாலர்தான்.

கோர்ட்டில் 45 ஆண்டு தண்டனை கிடைத்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் லூயிஸ்பர்க் ஜெயிலில் போட்டார்கள். மெக்காய் சும்மா இருக்கவில்லை. ஜெயிலில் பல் வைத்தியர் உபயோகிக்கும் பசையைக் கொண்டு ஒரு பொய்த் துப்பாக்கி செய்தான். 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, வேறு சில கைதிகளோடு குப்பை லாரியைப் பிடித்து, ஜெயில் கேட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான்.

மூன்று மாதம் ஒளிந்து வாழ்ந்தான். வர்ஜீனியா பீச் என்ற கடற்கரை ஊரில் அவன் வீட்டைத் துப்பறிவோர் கண்டுபிடித்து, உள்ளேயே காத்திருந்தார்கள். நவம்பர் 9-ந் தேதி இரவு அவன் கதவைத் திறந்து நுழைந்தான். போலீசாரைக் கண்டதும் சுட்டான். அவர்களும் சுட்டார்கள். மெக்காய் அங்கேயே செத்தான். வயது 31.

இவன்தான் அவனா?

மெக்காய் மாண்டான். சந்தேகம் மாளவில்லை. 1991-ல் ஒரு புத்தகம் வந்தது. கைதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி ஒருவரும், எப்.பி.ஐ.யில் பெரிய பதவியில் இருந்த ஒருவரும் சேர்ந்து எழுதியது. கூப்பரும் மெக்காயும் ஒரே ஆள் என்று அவர்கள் சாதித்தார்கள். ஒரே ரக விமானம், அதே படிக்கட்டு, அதே நான்கு பாராசூட். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

எப்.பி.ஐ. அதை ஒப்புக்கொள்ளவில்லை. கூப்பருக்கு 40 வயதுக்கு மேல் இருக்கும் என்று அருகில் இருந்து பார்த்த பணிப்பெண்கள் சொன்னார்கள். அப்போது மெக்காய்க்கு வயது 28. நன்றித் திருநாள் அன்று அவன் யூட்டாவில் தன் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறான். கூப்பரோ விமானத்தில் மது அருந்தினான், சிகரெட்டாக ஊதித் தள்ளினான். ஒரே மாதிரிக் கொள்ளை என்பதும் பெரிய அதிசயம் இல்லை. கூப்பர் செய்தது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதைப் படித்துவிட்டு 1972-ல் பத்துப் பேருக்கு மேல் அதேபோல் விமானத்தைக் கடத்தினார்கள். அதன் பிறகுதான், பறக்கும்போது காற்று வேகத்தால் தானாகத் திரும்பிப் படிக்கட்டைப் பூட்டிவிடும் ஒரு தகட்டை விமானங்களில் மாட்டினார்கள். அதற்குக் கூப்பர் பெயரையே வைத்தார்கள்.

மெக்காயின் பிள்ளைகள் இருவரும் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. பேசினால் தாயாருக்குத் தொல்லை வரும் என்று பயந்தார்கள். 2020-ல் தாயார் காலமானார். அதன் பிறகு, தங்கள் தந்தைதான் கூப்பர் என்று அவர்களே சொன்னார்கள். பெற்ற தகப்பனை இன்னொரு குற்றத்துக்கும் உரியவன் என்று பிள்ளைகள் சொல்வது லேசான காரியம் அல்ல. கொட்டகையில் கிடந்த பாராசூட்டையும், தந்தை தன் குதிப்புகளைக் குறித்து வைத்த நோட்டையும் ஆதாரமாகக் காட்டினார்கள். எப்.பி.ஐ. அவற்றை வாங்கிச் சென்றதாக அந்தச் செய்தியில் சொல்லப்பட்டது.

பாராசூட்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 2016-ல் எப்.பி.ஐ. கூப்பர் வழக்கின் விசாரணையை நிறுத்தியது. அப்போது ஒரு வார்த்தை சொல்லி வைத்தது. அந்தப் பாராசூட்டோ, அந்தப் பணமோ கிடைத்தால் மட்டும் வந்து சொல்லலாம் என்பதே அது.

ஆனால் பாராசூட்டை அடையாளம் காண்பது சுலபம் அல்ல. 2008-லும் ஒரு பாராசூட் மண்ணுக்குள் இருந்து கிடைத்தது. கூப்பருக்குப் போன பாராசூட்டுகளை மடித்துக் கட்டியவரிடம் அதைக் காட்டினார்கள். இது பட்டு, அது நைலான் என்று ஒரே பார்வையில் அவர் தள்ளிவிட்டார். அவர் 2013-ல் இறந்துவிட்டார்.

பணத்தின் கதை வேறு. கூப்பருக்குக் கொடுத்தவை எல்லாம் 20 டாலர் நோட்டுகள். மொத்தம் 10 ஆயிரம் நோட்டு. அத்தனை நோட்டின் நம்பரையும் போலீசார் குறித்து வைத்திருந்தார்கள். 1980-ல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் கையில் 5,800 டாலர் அகப்பட்டது. நோட்டுகள் நைந்து போயிருந்தன. நம்பர் சரியாக இருந்தது. மெக்காய்தான் கூப்பர் என்பவர்கள் இதையும் தங்கள் கட்சிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். குதித்தபோது பணம் நழுவிப் போயிற்று, அதனால்தான் ஐந்து மாதத்துக்குள் அவன் இன்னொரு விமானத்தில் ஏறினான் என்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அது ஊகம்தான். வயதும் விருந்தும் சிகரெட்டும் மெக்காய்க்குப் பொருந்தவில்லையே!

ஆற்றங்கரையில் அகப்பட்டவை 290 நோட்டுகள். மீதி 9,710 நோட்டுகளில் ஒன்றுகூட எந்தக் கடையிலும், எந்தப் பாங்கியிலும் வந்து சேரவில்லை.