நோயின் ஊற்றுக்கண் கண்டவர்

ஜவ்வாது மலைப் பக்கத்து நம் கணியம்பாடியில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது, அது தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். தெளிந்த நீரும் உயிரைக் குடிக்கும் என்று உலகுக்கு உணர்த்திய பெருமகனார் டாக்டர் ஜான் ஸ்நோ.

இவர் 1813 மார்ச் 15ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். பதினான்கு வயதில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் காலராவால் மடிவதைக் கண்ணாரக் கண்டார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்று, மயக்க மருந்துத் துறையில் புகழடைந்தார். 1853இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவர் இவரே.

காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்பதே அந்நாளைய அறிஞர்களின் துணிபு. குடலைத் தாக்கும் நோய் வாய்வழியாகத்தான் புகவேண்டும் என்று 1849இல் ஸ்நோ எழுதினார். ஏற்றவர் சிலரே.

1854 ஆகஸ்டு இறுதியில் லண்டன் பிராட் தெருவில் காலரா மூண்டது. அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஸ்நோ வீடு வீடாக ஏறி, எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அத்தெரு பம்பின் நீரைக் குடித்தவர்கள். பக்கத்து மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் பீரையே பருகியதால் தப்பினர். தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் அந்நீரை வரவழைத்துக் குடித்த அம்மையார் ஒருவர் மாண்டார். செப்டம்பர் 8இல் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியதையும் அவர் மறைக்கவில்லை. 1855இல் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூன்றடிக்குள்ளாகவே ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது!

1858 ஜூன் 16இல், நாற்பத்தைந்தாம் வயதில் ஸ்நோ மறைந்தார். 1884இல் நம் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியை ராபர்ட் காக் கண்டதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் காட்டிய வழி கடலுக்கும் பொருந்தும். சிப்பி நீரை வடிகட்டி உண்பது. நீரிலுள்ள கிருமிகளையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். 1902இல் எம்ஸ்வொர்த் கரையில் சாக்கடை விழும் இடத்தருகே வளர்ந்த சிப்பிகளை விருந்தில் உண்ட பலர் டைபாய்டு சுரம் கண்டனர், சிலர் இறந்தனர். அங்கே சிப்பியை மேலே கழுவிப் பயனில்லை. சாக்கடையைத் தேடிச் சென்று திருப்பிவிட வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மூரில் வாந்திபேதி என்று கேள்விப்பட்டால், மருந்து வாங்கித் தருவதோடு நில்லாமல், எந்தக் கிணறு, அதனருகே எந்தக் குழி என்று வீடு வீடாகக் கேட்போம்.