வெல்லப்பட்டோர் போற்றிய வேந்தன்

தமிழ் வேதாகமத்திலே கோரேசு என வழங்கப்படுபவனும், வரலாற்று நூல்களிலே சைரசு எனப்படுபவனும் ஒருவனே. இவன் முன்னோர் ஈரானின் தென்மேற்கு மலைநாட்டிலே அஞ்சான் என்னும் சிறு நிலப்பரப்பை ஆண்ட குறுநில மன்னர். அக்காலத்தே வடக்கில் மேதியரும், மேற்கில் பாபிலோனியரும், அதற்கும் அப்பால் சின்ன ஆசியாவில் இலிதியரும் பெருவலி பெற்றிருந்தனர். முப்பது ஆண்டுகளுக்குள் இம்மூவர் நாடும் அவனடிப்பட்டன.

மேதிய வேந்தன் அசுத்தியாகசு தன் மகள் வயிற்றுப் பிள்ளையால் அரசிழக்க நேரும் என அஞ்சிக் குழவியைக் கொல்லப் பணித்தான் என்றும், அஃது ஆயன் மனையில் வளர்ந்து சைரசு ஆயிற்று என்றும் கிரேக்க ஆசிரியர் எரோடோட்டசு எழுதிவைத்தார். கஞ்சனையும் கண்ணனையும் அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று. பாபிலோனியக் களிமண் ஏடு கூறுவதோ சுருக்கமானது: கி. மு. 550இல் அசுத்தியாகசின் படையே கலகஞ்செய்து தம் அரசனைப் பிடித்துச் சைரசிடம் ஒப்புவித்தது. எக்பத்தானா நகரின் பொன்னும் வெள்ளியும் அஞ்சானுக்குச் சென்றன. ஆயினும் மேதியப் பெருமக்களை அவன் ஒழித்தானல்லன், தன் படைத்தலைவராக்கினான். கிரேக்கர் நெடுங்காலம் பாரசீகரையும் மேதியர் என்றே வழங்கியதற்கு இவ்விணைப்பே காரணமாகும்.

செல்வத்துக்குப் பெயர்போன இலிதிய மன்னன் குரோசசு, ஆலிசு ஆற்றைக் கடந்துவந்து பொருதான்; வெற்றி தோல்வி தெளியாமையால், குளிர்காலத்தில் போர் நிகழாதெனக் கருதித் தலைநகர் மீண்டு, துணைப்படைகளைக் கலைத்துவிட்டான். சைரசு பருவம் பார்த்திலன். பின்தொடர்ந்து சென்று சார்திசு நகரைக் கைக்கொண்டான். ஒட்டகங்களை முன்னணியில் நிறுத்த, அவற்றின் நாற்றம் பொறாது இலிதியர் குதிரைகள் வெருண்டோடின என்பது எரோடோட்டசு தரும் செய்தி.

கி. மு. 539இல் பாபிலோன் வீழ்ந்தது. அந்நாட்டரசன் நபோனிதசு, நகரத் தெய்வமாகிய மர்தூக்கைப் புறக்கணித்துத் திங்கட் கடவுளைப் போற்றியதால் குருமாரின் வெறுப்புக்கு ஆளாகியிருந்தான். நகரினுள்ளே பாரசீகர் போரின்றிப் புகுந்தனர். அதற்குச் சின்னாட்களின் முன் ஓப்பிசு என்னுமிடத்தில் நிகழ்ந்த போரையும், அங்கு மக்கள் கொன்று குவிக்கப்பட்டதையும் சைரசைப் புகழ்வோர் பலர் கூறாது விடுவர். அஃது அறமாகாது. வாளின் அச்சமும் வாயில்களைத் திறந்தது.

திறந்தபின் அவன் செய்தவையே அவனைப் பிற வெற்றியாளரினின்றும் பிரிப்பன. அசீரியர் வென்ற நாட்டுத் தெய்வ உருவங்களைக் கவர்ந்தேகினர்; இவனோ அயலூர்த் தெய்வங்களை அவ்வவற்றின் கோயில்களுக்கே அனுப்பினான். 1879இல் பாபிலோனில் அகழ்ந்தெடுக்கப்பட்டு இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ள களிமண் உருளை இதற்குச் சான்று. அதனை மனித உரிமைச் சாசனம் எனக் கொண்டாடுவாரும் உளர். அது மிகை, பழைய பாபிலோனிய மன்னர் பொறிப்பித்த மரபிலேயே அது அமைந்தது, யூதர் பெயரும் அதில் இல்லை. எனினும் சிறைப்பட்டிருந்த யூதர் எருசலேமுக்கு மீளவும் ஆலயம் எடுக்கவும் அவன் இசைந்தமையை எஸ்றாவின் நூல் கூறும். பிற இனத்தானாகிய அவனைக் கர்த்தர் அபிடேகஞ் செய்தவன் என ஏசாயா நூல் போற்றும்.

கி. மு. 530இல் அவன் இறந்தான். வடகிழக்கு எல்லையில் மசாகெத்தரின் அரசி தோமிரிசுடன் பொருது மாண்டான் என்பது எரோடோட்டசு தாம் கேட்ட பல கதைகளுள் தேர்ந்து கூறியது. பசார்கதையிலே ஆறு படிகளின்மேல் சிறு வீடு போல எழுந்த அவன் கல்லறை இன்றும் நிற்கின்றது. இருநூறு ஆண்டுகளின் பின், பாரசீகப் பேரரசை அழித்த அலெக்சாந்தர் அதனைக் காணச் சென்று, கள்வர் உடைத்துச் சூறையாடியிருக்கக் கண்டு, செப்பனிடுமாறு ஆணையிட்டான்.