புற்கலத்தின் இயல்புணர்த்திய ஆசாரியர் குந்தகுந்தர்

தமிழகச் சமணப் பெருமக்களின் நெஞ்சில் நீங்காது வாழ்பவர் ஆசாரியர் குந்தகுந்தர். மரபு அவரைக் கி.பி. முதல் நூற்றாண்டினர் எனக் கொள்ளும். பிற்காலத்தவர் என்னும் ஆய்வாளரும் உளர். ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்துக் கொனகொண்ட்லா அவர் பிறந்த ஊர் என்பர். பத்மநந்தி, ஏலாசாரியர் என்னும் பெயர்களும் அவருக்கு வழங்குகின்றன. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் அவர் தவமிருந்தார் என்பது நம் மரபு. அங்குள்ள அவர்தம் திருவடிகளை இன்றும் வழிபட்டு வருகிறோம்.

உடுக்கும் உடையையும் துறந்த அம்முனிவர், பொருள் என்பது யாது என்னும் ஆராய்ச்சியைத் துறந்தாரில்லை. பஞ்சாஸ்திகாயம், நியமசாரம் முதலிய பிராகிருத நூல்களில் அதனை விரித்துரைத்தார். ஊறு, சுவை, மணம், நிறம் என்னும் நான்கும் உடையது புற்கலம். உயிரோ இவையின்றி, அறிதலையே இயல்பாகக் கொண்டது.

புற்கலத் திரள்களை அவர் ஆறு வகையாகப் பகுத்தார். மண்டைக்காட்டில் கடலோரம் வாழும் நமக்கு அவற்றுள் நான்கு கண்ணெதிரே உள்ளன. உடைந்தால் தானே கூடாத கருங்கல் முதல் வகை. பிரிந்தும் மீண்டும் கூடும் கடல்நீர் இரண்டாவது. கண்ணுக்குத் தோன்றியும் கைக்கு அகப்படாத தென்னை நிழல் மூன்றாவது. கண்ணுக்குத் தோன்றாமல் மூக்கும் செவியும் உணரும் மீன் மணமும் அலையோசையும் நான்காவது. எப்பொறிக்கும் எட்டாத வினைத்துகள் ஐந்தாவது. அதனினும் நுண்ணியது ஆறாவது.

ஒலி ஆகாயத்தின் குணம் என்றனர் வைசேடிகர். திரள்கள் ஒன்றோடொன்று மோதுதலால் ஒலி பிறக்கும் என்றார் குந்தகுந்தர். கண்ணாடிச் சாடிக்குள் மின்மணியை ஒலிக்கவிட்டுக் காற்றை வெளியேற்றினால் ஓசை தேய்ந்து மறைவதை நாம் வகுப்பறையில் காட்டியிருக்கிறோம். அறிவியலின் விளக்கம் வேறாயினும், பொருளின்றி ஒலியில்லை என்னும் அளவில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன.

1920ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அதனால் இக்கருத்துகள் உலகறிஞர் பலரைச் சென்றடைந்தன.

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பயன் யாது? வினை என்பது பிறரொருவர் விதித்த தண்டனையாயின், அவர் மனம் இரங்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். அஃது உயிரிற் படிந்த அயற்பொருளாதலின், நோன்பாலும் அடக்கத்தாலும் நாமே அதனை உதிர்க்கலாம். சினந்து கூறும் சொல்லும் பொருளே. காற்றோடு போயிற்று என நினையற்க. அது கேட்பவரைத் தாக்குகிறது. அச்சினமோ நம்மீது வினையைப் படியச் செய்கிறது.

முதுமையில் கண் மங்கும், கால் தளரும். தளர்வது புற்கலம், அதனை அறிந்து நிற்பது உயிர் எனத் தெளிந்து அமைதி கொள்ளுதலே அவ்வாசாரியருக்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடாகும்.