லீபிக் போட்ட கடிதங்கள்

கெமிஸ்ட்ரி லேபில் நாம எல்லோரும் கழுவி வைத்த லீபிக் கண்டென்சரை ஜஸ்டஸ் லீபிக் கண்டுபிடிக்கவில்லை, பிரபலமாக்கியதோடு சரி. எனக்கு அவரைப் பிடித்தது அவர் கடிதங்களால்தான்.

1803-ல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். 21 வயதில் கீசன் பல்கலைக்கழகப் பேராசிரியர். மகா கோபக்காரர். தான் ஆராய்ந்த வெள்ளி ஃபுல்மினேட்டும், யூரியா புகழ் வோலர் ஆராய்ந்த வெள்ளி சயனேட்டும் ஒரே இயைபு என்றதும் வோலரின் கணக்கு தப்பு என்று சண்டைக்கே போய்விட்டார். அப்புறம் தானே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அந்தச் சண்டைதான் நட்பாச்சு. 1829 முதல் 1873-ல் லீபிக் மறையும்வரை கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. சோதனை முடிவு, உடம்பு சரியில்லை என்ற புலம்பல், அடுத்தவர் மேல் எரிச்சல், எல்லாம் உண்டு. 1832-ல் வோலரின் மனைவி இறந்தபோது, கீசனுக்குக் கிளம்பி வரச்சொல்லி எழுதினார் லீபிக். துக்கத்தோடு வந்தவரும் அவருமாகக் கசப்பு வாதுமை எண்ணெயில் செய்த வேலைதான் பென்சாயில் ஆய்வு.

1843-ல் மார்ஷாண்ட் என்பவரோடு லீபிக் மோத, வோலர் எழுதிய புத்திமதி அருமை. 1900-ல் நாம் இருவரும் கரியமில வாயுவும் நீரும் அம்மோனியாவுமாகக் கலைந்திருப்போம், இந்தச் சண்டை அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று கேட்டார். லீபிக் எங்கே கேட்டார்? பின்னாளில் பாஸ்டரோடும் மோதினார். வோலருக்கு எழுதுவதை மட்டும் விடவில்லை.